விமானத்துக்குள் அடைத்த பஞ்சு

பெரியவள் மூன்று நாளாக என்னோடு சரியாகப் பேசவில்லை. சின்னவன் பேசுகிறான்; ஆனால் அவனும் அக்கா பக்கம்தான். அருங்காட்சியகத்தில் நிற்கிற விமானத்துக்குக் கொட்டகை வரப்போகிறது என்று நீங்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டீர்கள். இப்போது வராது என்று ஆகிவிட்டது. வராமல் போனதற்குக் காரணம், நானே மில் முதலாளியிடம் போய்ச் சொன்ன ஒரு விஷயம் என்பதும் உங்களுக்குத் தெரிந்துவிட்டது.

"நீங்க சும்மா இருந்திருந்தாலே வந்திருக்கும்லப்பா" என்று பெரியவள் கேட்டாள். நான் பதில் சொல்ல ஆரம்பித்து, பாதியில் குரல் ஏறி, தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போய்விட்டேன். அது தப்பு. வாயால் சொன்னால் எனக்குக் கோபம் முந்திக்கொள்கிறது. அதனால் எழுதி வைக்கிறேன். பத்தாம் வகுப்போடு நின்றவன் எழுதுவது. பிழை இருந்தால் திருத்திக்கொண்டு படியுங்கள்.

உங்களுக்குத் தெரிந்த கதைதான் என்றாலும் முதலிலிருந்து சொல்கிறேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகிற ரோட்டில் எங்கள் மில்லுக்குச் சொந்தமான பழைய பஞ்சு குடோன் ஒன்று சும்மா கிடந்தது. முதலாளிக்கு விமானம் என்றால் உயிர். சின்ன வயதில் விமான ஓட்டியாகப் போக ஆசைப்பட்டு, கண்பார்வை சரியில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர் என்று மில்லில் பேசிக்கொள்வார்கள். அவர் அந்தக் குடோனைச் சுத்தம் செய்து வெள்ளையடித்து, பழைய விமானச் சாமான்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைத்தார். ஓட்டுகிறவர் உட்காரும் நாற்காலி, தலைக்கவசம், உடைந்த காற்றாடி, சக்கரம், முள் நின்றுபோன கடிகாரங்கள். கடைசியாக, படையில் ஓய்வு கொடுத்த சண்டை விமானம் ஒன்று வந்தது. ஒரே ஆள் உட்கார்ந்து ஓட்டுகிற ஜெட். இன்ஜினைக் கழற்றிக்கொண்டுதான் கொடுத்தார்கள். உடல் ஒரு டிரெய்லரிலும் இறக்கைகள் இன்னொரு டிரெய்லரிலும் வந்தன. ரோட்டில் போன பஸ்களெல்லாம் நின்று பார்த்துவிட்டுத்தான் போயின.

நான் அப்போது மில்லில் நூற்பு மெஷின்களுக்கு ஃபிட்டர். நட்டு போல்ட்டு தெரிந்த ஆள் ஒருவர் வேண்டும் என்று முதலாளி என்னை அங்கே மாற்றினார். துணைக்கு மில் எலக்ட்ரீசியனையும் அனுப்பினார். உங்களுக்கு அவரைத் தெரியும், ஸ்ரீவில்லிபுத்தூர் பாய், ரம்ஜானுக்கு நம் வீட்டுக்குத் தூக்குச் சட்டியில் பிரியாணி கொடுத்தனுப்புகிறவர். படையிலிருந்து அனுப்பி வைத்த படங்களைப் பார்த்துப் பார்த்து, கிரேன் வைத்து, பதினோரு நாளில் இறக்கைகளைப் பொருத்திவிட்டோம். நிமிர்ந்து பார்த்த பிறகுதான் குடோன் வாசலை அளந்தோம். இறக்கையோடு உள்ளே போகாது. யாருமே முதலில் அளக்கவில்லை. "கல்யாணம் முடிஞ்சபொறவு பொண்ணு பாக்க வந்திருக்கோம்" என்றார் பாய். விமானம் வெளியே முற்றத்திலேயே நின்றுவிட்டது.

என் எரிச்சல் அன்றைக்கே ஆரம்பித்தது என்று வையுங்கள். நம் ஊர் வெயில் உங்களுக்குத் தெரியும். சித்திரை மாதம் மத்தியானம் அந்தத் தகட்டில் கை வைத்தால் தோல் ஒட்டிக்கொள்ளும். ஓட்டுகிறவர் தலைக்கு மேலே வளைந்திருக்கிறதே ஒரு மூடி, அது கண்ணாடி இல்லை, ஒருவகைப் பிளாஸ்டிக். வந்தபோது தண்ணீர் மாதிரி தெளிவாக இருந்தது. ஒரே வருடத்தில் ஓரங்களில் பால் கலந்த மாதிரி மங்கி, உள்ளுக்குள் முடிமுடியாகக் கோடு விட ஆரம்பித்தது. உடம்பில் சின்னச் சின்ன எழுத்தில் எங்கே மிதிக்கலாம், எங்கே மிதிக்கக் கூடாது, எங்கே எண்ணெய் ஊற்ற வேண்டும் என்று எழுதியிருக்கும். அந்த எழுத்தெல்லாம் வெளிறிக்கொண்டே வந்தது. புதுசாகப் பெயிண்ட் அடித்துவிடலாம் என்று முதலாளி சொன்னார். அடித்தால் அது நம்முடைய விமானம் ஆகிவிடும், படையில் பறந்த விமானமாக இருக்காது என்று நான் கெஞ்சித் தடுத்தேன்.

பார்க்க வருகிறவர்களைப் பற்றித் தனியாக எழுத வேண்டாம். கோயிலுக்கு வந்துவிட்டு, பால்கோவா தின்ற கையோடு வந்து மூடியைத் தடவுவார்கள். சாவியால் இறக்கையில் பேர் கிறுக்குவார்கள். தொடக் கூடாது என்று போர்டு வைத்தால், போர்டில் சாய்ந்துகொண்டு படம் எடுப்பார்கள். "ஓடுமா?" என்று ஒரு நாளைக்கு நாற்பது பேர் கேட்பார்கள். இன்ஜின் இல்லை என்று சொன்னால், ஏமாற்றிவிட்டேன் என்பது போல என்னைப் பார்ப்பார்கள். அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். வெயிலைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஆகவே கொட்டகை கேட்டேன். நான்கு பக்கமும் திறந்து, மேலே மட்டும் தகரம் போட்ட கொட்டகை. முதல் வருடம் கேட்டேன். இரண்டாம் வருடம் கேட்டேன். முதலாளி சிரிப்பார். "ஏப்பா, குண்டுக்கே பயப்படாதது இது. வெயிலுக்குப் பயப்படுமா?" என்பார். வெள்ளைச் சட்டை போட்ட விருந்தாளிகள் கூட இருந்தால் அவர்களும் சிரிப்பார்கள். வருடத்தில் ஒரே ஒரு நாள் ஓடுகிற தேரையே மிச்ச நாளெல்லாம் தகரம் போட்டு மூடி வைக்கிறோமே, இது ஒரு நாளும் ஓடாதே, இதற்கு வேண்டாமா என்று கேட்டேன். தேர் மரம், இது அலுமினியம், அலுமினியத்துக்குத் துருவே கிடையாது என்று சொல்லிவிட்டார். மூடினால் ரோட்டிலிருந்து தெரியாது என்பதுதான் அவர் மனதில் இருந்த விஷயம். பஸ்ஸில் போகிறவர்கள் கழுத்தைத் திருப்பிப் பார்ப்பதைப் பார்க்க அவருக்கு அவ்வளவு பிடிக்கும்.

இப்போது பஞ்சுக் கதைக்கு வருகிறேன். இது என் தப்பு. யாரும் சொல்லி நான் செய்யவில்லை.

முதல் வருடம் வைகாசியிலேயே விமானத்தின் வால் குழாய்க்குள் மைனா கூடு கட்டிவிட்டது. இன்ஜின் இல்லாத குழாய். பெரிய ஆள் தவழ்ந்து போகலாம், அவ்வளவு அகலம். மூக்கில் காற்றுப் போகிற வாய்க்குள் அணில் குடியேறியது. சக்கரக் குழியில் குளவி. மைனா எச்சம் பட்ட இடத்தில் தகடு கறுத்துப் போனதைப் பார்த்ததும் எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. மில்லில் ஒரு மெஷின் கொஞ்ச நாள் ஓடாது என்றால், எலி புகாமல், தூசி போகாமல் திறந்த வாயிலெல்லாம் கழிவுப் பஞ்சை அடைத்துவிடுவோம். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பார்த்த பழக்கம். மெஷினை ஓட்டப் போகும்போது உருவிப் போட்டுவிடுவோம். அதே கை, அதே புத்தி. மில்லிலிருந்து சாக்குச் சாக்காகக் கழிவுப் பஞ்சு கொண்டுவந்து, வால் குழாயில், மூக்கு வாயில், இறக்கை உடம்போடு சேருகிற இடுக்குகளில், வயிற்றுப் பக்கத்துக் கதவுகளுக்குள் எல்லாம் கம்பால் குத்திக் குத்தி அடைத்தேன். இரண்டு நாள் வேலை. மைனா வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

முதலாளிக்கு ரொம்ப சந்தோஷம். மில்காரன் மூளை என்று வந்தவர்களிடமெல்லாம் காட்டினார். எனக்கும் சந்தோஷம்தான். இரண்டு வருடம் அந்தப் பஞ்சு உள்ளேயே இருந்தது. நான் ஒரு நாளும் உருவிப் பார்க்கவில்லை. உருவிப் பார்க்கத் தோன்றவே இல்லை என்பதுதான் இப்போதும் என்னை அரிக்கிறது.

போன ஆயுத பூஜைக்கு நீங்கள் இரண்டு பேரும் வந்திருந்தீர்கள். சின்னவன் பொரிப் பொட்டலத்தோடு ஏணியில் உட்கார்ந்திருந்தான், பெரியவள் வாழைக்கன்று கட்டினாள். விமானத்தின் மேல் சந்தனம் வைக்கக் கூடாது, சக்கரத்திலும் ஏணியிலும் மட்டும் வையுங்கள் என்று நான் ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டே திரிந்தேன். அதற்குள் மில்லிலிருந்து வந்த ஆட்கள் எலுமிச்சம்பழத்தை எடுத்துவிட்டார்கள். வண்டி என்றால் சக்கரம் பழத்தின் மேல் ஏறி இறங்க வேண்டும். லாரிக்கு, வேனுக்கு, முதலாளி காருக்கு எல்லாம் ஆயிற்று. இதற்கு மட்டும் எப்படி விடுவது? இது ஓடுகிற வண்டி இல்லை என்று சொன்னேன். "சக்கரம் இருக்குல்ல" என்று கேட்டார்கள். பஞ்சர் கடையிலிருந்து காற்றடிக்கிற மெஷின் கொண்டுவந்து மூன்று டயருக்கும் காற்று ஏற்றினார்கள்.

பின்சக்கரம் இரண்டுக்கும் பழத்தை முன்னால் வைத்தார்கள். மூக்குச் சக்கரம் சின்னப் பள்ளத்தில் இறங்கியிருந்ததால், அதைக் கொஞ்சம் தூக்க வேண்டும் என்று ஒருவர் யோசனை சொன்னார். யோசனை என்ன? ஆறு பேர் வாலைப் பிடித்துத் தொங்குவது. நான் ஓடி வருவதற்குள் தொங்கிவிட்டார்கள். மூக்கு மேலே எழும்பியது. ஒருவர் அந்தச் சக்கரத்தின் அடியில் பழத்தை உருட்டிவிட, எல்லாரும் கைதட்டினார்கள். அடுத்த நொடி விமானத்தின் வயிற்றுக்குள் ஏதோ புரண்டு வருகிற சத்தம் கேட்டது. வால் குழாயிலிருந்து கறுப்புத் தண்ணீர், குடம் குடமாக, தேங்காய் பழத்தின் மேல், சுண்டலின் மேல், பூசாரியின் முதுகின் மேல் கொட்டியது. தண்ணீரோடு சேர்ந்து அழுகிய பஞ்சு, பெரிய பெரிய உருண்டையாக வந்து விழுந்தது. சாக்கடை நாற்றம். வாலில் தொங்கியவர்கள் கையை விட்டுவிட்டார்கள். மூக்கு தொப்பென்று கீழே வந்து, எலுமிச்சம்பழம் நசுங்கியது.

"பூஜை முடிஞ்சுது" என்றார் பாய்.

நீங்கள் சிரித்தீர்கள். நானும் சிரித்திருப்பேன், அந்தத் தண்ணீர் எத்தனை நாளாக உள்ளே நின்றது என்ற நினைப்பு வராமல் இருந்திருந்தால். முதலாளி சிரிக்கவில்லை. நனைந்த செருப்போடு நின்று கொட்டுகிற தண்ணீரையே பார்த்தார். கோபம் வந்தால் அவர் தெலுங்குக்கு மாறிவிடுவார். அன்றைக்கு வாட்ச்மேனிடம் தெலுங்கில்தான் என்னவோ சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். மழைத் தண்ணீர் இவ்வளவு உள்ளே போகிறதா, நீ கேட்டபோதே கேட்டிருக்க வேண்டும், அடைமழைக்கு முன்னால் கொட்டகை போட்டுவிடுவோம் என்றார். எல்லார் முன்னாலும் சொன்னார். மறுநாளே கொத்தனார் வந்து, தூண் நிற்க வேண்டிய எட்டு இடத்திலும் சுண்ணாம்புப் பொடியால் வட்டம் போட்டுவிட்டுப் போனார். இரண்டு வருடம் நான் வாய் வலிக்கக் கேட்டது, ஒரு குடம் நாற்றத் தண்ணீரில் கிடைத்துவிட்டது. நீங்கள் பள்ளிக்கூடத்தில் சொன்னது இதைத்தான். அன்றைக்கு நீங்கள் சொன்னதில் பொய் இல்லை.

பூஜையில் தண்ணீர் கொட்டியதை யாரோ போனில் படம் பிடித்து ஊரெல்லாம் அனுப்பிவிட்டார்கள். அதைப் பார்த்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை சேத்தூரிலிருந்து ஒருவர் பைக்கில் வந்தார். என் வயதுதான் இருக்கும். விமானப்படையில் இருபது வருடம் தகடு வேலை பார்த்து ஓய்வுபெற்று, இப்போது ராஜபாளையத்தில் ஒரு பேங்கில் காவலராக இருக்கிறவர். இந்த மாதிரி விமானத்தில் வேலை பார்த்திருக்கிறேன், கொஞ்சம் திறந்து பார்க்கட்டுமா என்று மரியாதையாகக் கேட்டார். திருகாணிகளைக் கழற்றி வயிற்றுப் பக்கத்துத் தகடு ஒன்றை இறக்கினோம். உள்ளே பஞ்சு, ஈரப் பஞ்சு, கைவிட்டு எடுக்க எடுக்க வந்தது. பஞ்சு ஒட்டியிருந்த இடமெல்லாம் தகட்டில் உப்புப் பூத்தது போல வெள்ளை மாவு. அவர் திருப்புளியின் முனையை உள்சட்டத்தில் லேசாக வைத்து அழுத்தினார். ஈர அட்டையில் இறங்குவது போல முனை இறங்கியது.

"யாரு அடைச்சது இத?" என்று கேட்டார்.

"நான்தான். மைனா வராம இருக்க."

"ரெண்டு கெஜம் கொசுவலை கட்டியிருக்கலாமே, அண்ணாச்சி."

அவர் என்னைத் தரையில் மல்லாக்கப் படுக்கச் சொல்லி வயிற்றின் அடியைக் காட்டினார். பென்சில் நுழைகிற அளவுக்கு வரிசையாக ஓட்டைகள். ஒவ்வொன்றிலும் பஞ்சு அடைத்திருந்தது. இதெல்லாம் என்னவென்று நினைத்தீர்கள் என்று கேட்டார். ரிவிட் விழுந்துபோன ஓட்டை என்று நினைத்தேன் என்றேன். அவருக்குக் கொஞ்சம் கோபமே வந்துவிட்டது.

"தண்ணி போற ஓட்டை அது. பறக்கையில பெய்யாத மழையா? உள்ள வரும், இது வழியாப் போயிரும். தங்குனாத்தான் கேடு. நீங்க தண்ணியத் தங்கவும் வச்சு, அதுக்கு மெத்தையும் போட்டுக் குடுத்திருக்கீங்க."

கொட்டகை போட்டால் சரியாகிவிடுமா என்று கேட்டேன். பஞ்சை எடுத்தால் இந்த அரிப்பு நின்றுவிடும், அதற்குக் கொட்டகை வேண்டாம் என்றார். வெயிலுக்குத்தான் கொட்டகை. அது வேறு கேடு, இது வேறு கேடு. போவதற்கு முன்னால் பஞ்சை முழுக்க எடுக்கவும், வெள்ளை மாவைச் சுரண்டாமல் துடைக்கவும் சொல்லிக் கொடுத்தார். முதலாளியிடம் தான் எதுவும் பேச மாட்டேன், அது உங்கள் பாடு என்று சொல்லிவிட்டு பைக்கை எடுத்தார்.

பாயும் நானும் அன்று சாயங்காலம் வரை பஞ்சை எடுத்தோம். விஷயம் இரண்டு பேருக்கும் புரிந்துவிட்டது. கொட்டகை வருவது மழை கெடுத்தது என்பதற்காக. கெடுத்தது மழை இல்லை, நான் அடைத்த பஞ்சு. இதைச் சொன்னால் கொட்டகை வேலை நின்றுவிடும்.

"தகரம் ஏறட்டும் அண்ணாச்சி" என்றார் பாய். "ஏறுன மறுநாள் நானே உங்கள மொதலாளிகிட்ட கூட்டிட்டுப் போறேன். போட்ட தூண புடுங்கவா போறாரு?"

உங்கள் அம்மாவும் அதைத்தான் சொன்னாள். கேட்டால் சொல்லுங்கள், கேட்காததை நீங்களாகப் போய் ஏன் சொல்ல வேண்டும் என்றாள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. நான் பெரிய உத்தமன் மாதிரி நீங்கள் நினைத்துக்கொள்ளக் கூடாது. ஒன்பது நாள் சொல்லாமல் இருந்தேன், நன்றாகச் சாப்பிட்டேன். இந்த விமானத்துக்கு வெயில் கேடு இருப்பது உண்மை, கொட்டகை தேவை என்பது உண்மை, காரணம் மட்டும் கொஞ்சம் மாறியிருக்கிறது, அவ்வளவுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பத்தாம் நாள் காலையில் வேலைக்குப் போனால், வாசலில் ஒரு குட்டியானை வண்டி நின்றது. மில் ஆட்கள் இரண்டு பேர் குடோனில் மிச்சமிருந்த சாக்குகளை அதில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கழிவுப் பஞ்சு. யாருக்கு என்று கேட்டேன். தெற்கே ஒரு இன்ஜினியரிங் காலேஜ் வாசலில் பழைய பயிற்சி விமானம் ஒன்று நிற்கிறதாம். அதில் புறா தொல்லையாம். முதலாளிக்குத் தெரிந்தவர்கள். அவர்தான் நம் வழியைச் சொல்லி, பஞ்சும் அனுப்புகிறார். முதலாளி வராண்டாவில் நடந்துகொண்டே போனில் பேசிக்கொண்டிருந்தார். எப்படி அடைக்க வேண்டும், கம்பு எவ்வளவு நீளம் வேண்டும் என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். "நம்ம ஃபிட்டர் பண்ணதுதான்" என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது.

போனை வைக்கும் வரை காத்திருந்தேன்.

"மொதலாளி, அந்தப் பஞ்சு போக வேண்டாம்."

"ஏன், கழிவுப் பஞ்சுதான?"

"அதுதான் நம்ம விமானத்த அரிச்சது."

அவர் முதலில் புரியாமல் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். சேத்தூர்க்காரர் வந்தது, தண்ணீர் போகிற ஓட்டை, திருப்புளி இறங்கியது. இரண்டு வருடம் உருவிப் பார்க்காமல் விட்டது உட்படச் சொன்னேன். அவர் நாற்காலியில் உட்காரவில்லை, என்னையும் உட்காரச் சொல்லவில்லை.

"மழ பண்ணதுன்னு சொன்னீயே?"

"நான் சொல்லல, மொதலாளி. நீங்க சொன்னீங்க. நான் இல்லைன்னு சொல்லாம இருந்துட்டேன்."

அப்படியானால் பஞ்சை எடுத்துவிட்டால் இனிமேல் தண்ணீர் நிற்காதா என்று கேட்டார். நிற்காது என்றேன்.

"பொறவு கொட்டகை எதுக்கு?"

இந்த இடத்தில்தான் எனக்கு நாக்கு ஒத்துழைக்கவில்லை. வெயிலுக்கு என்றேன். மூடி மங்குகிறது, எழுத்து போகிறது, டயர் வெடிப்பு விடுகிறது என்றேன். வேகவேகமாகச் சொன்னதில், மாட்டிக்கொண்டவன் புதுசாகச் சாக்குத் தேடுகிறது போல எனக்கே கேட்டது. அவருக்கும் அப்படித்தான் கேட்டிருக்கும்.

"வெயிலு மூணு வருசமா அடிக்குது. இம்புட்டு நாளாச் சொல்லாதத இப்பச் சொல்லுத."

இத்தனை நாளும் நான் சொன்னது அது ஒன்றுதான், பிள்ளைகளா. தேரைப் பற்றிச் சொன்னேனே, அதெல்லாம் எதற்காகச் சொன்னேன்? அதை அவர் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாய் எடுத்தபோது அவர் வண்டிக்காரரைக் கூப்பிட்டுச் சாக்குகளை இறக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு கொத்தனாருக்குப் போன் போட்டார். தூண் வேலை வேண்டாம், வேறு வேலை இருந்தால் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். என்னைத் திட்டவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நானும் ஒரு வார்த்தை பேசியிருப்பேன்.

பாய்க்கு வந்த கோபம் உங்களுக்கு வந்ததைவிடப் பெரிது. "விமானத்துக்குள்ள அடைச்ச பஞ்ச உங்க வாயில அடைச்சிருக்கணும்" என்றார். அன்று முழுக்க என்னோடு டீ குடிக்க வரவில்லை. மறுநாள் வந்தார், ஆனால் கிளாஸை டொக்கென்று வைத்தார்.

அந்தக் காலேஜ் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். முதலாளி முந்தைய வாரமே போனில் சொல்லியிருந்ததால், அவர்கள் பக்கத்து மில்லில் பஞ்சு வாங்கிக் கொஞ்சம் அடைத்தே விட்டிருந்தார்கள். அங்கே ஒர்க்‌ஷாப் பார்க்கிறவரின் நம்பரை வாங்கி நானே பேசினேன். அவர் அன்றைக்கே எல்லாவற்றையும் உருவிவிட்டு, காய்ந்த பஞ்சாகத்தான் இருந்தது, ஒன்றும் ஆகவில்லை என்று சொன்னார். கொசுவலை எந்த அளவு கண்ணுள்ளது வாங்க வேண்டும் என்று கேட்டார். சொன்னேன். நல்ல காரியம்தான். ஆனால் அதை வைத்து மனதைத் தேற்றிக்கொண்டேன் என்று எழுத மாட்டேன். அந்த விமானத்தை நான் பார்த்தது கூட இல்லை. தினமும் காலையில் துணி நனைத்துத் துடைக்கிறது இந்த விமானத்தைத்தான்.

சொல்லாமல் இருந்திருக்கலாமே என்று, பெரியவளே, நீ கேட்டாய். இருந்திருக்கலாம், வாசலில் அந்த வண்டி நிற்காமல் இருந்திருந்தால். அந்தச் சாக்கு போயிருந்தால், அங்கே இன்னொரு ஃபிட்டர், என்னை நம்பி, கம்பால் குத்திக் குத்தி அடைத்திருப்பான். இரண்டு வருடம் கழித்து அவன் தலைக்கு மேல் தண்ணீர் கொட்டியிருக்கும். அவனுக்கு அதற்கு மேல் ஒரு தகரக் கொட்டகை கூடக் கிடைத்திருக்காது. இதைத்தான் அன்று தட்டை நகர்த்துவதற்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் இதையும் சேர்த்துப் படியுங்கள்: உண்மையைச் சொன்னதில் எனக்கு நிம்மதி எதுவும் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது, இன்னும் இருக்கிறது. என் தப்பு ஒன்று. வெயிலைப் பற்றி நான் சொன்னதை முதலாளி கேட்காமல் விட்டது இன்னொன்று. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டி என் தலையில் வைத்துவிட்டார். நானும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அதனால் இந்த வாரம் ஒரு மனு எழுதினேன். நேரில் பேசினால்தானே நாக்கு புரளுகிறது, எழுத்தில் கொடுத்தால் நின்று படிப்பார் என்று நினைத்தேன். மறைத்துவிட்டான் என்று இன்னொரு முறை பேச்சு வரக் கூடாது என்பதற்காக, முதல் வரியிலேயே என் தப்பை எழுதினேன்: பஞ்சை அடைத்ததும், பார்க்காமல் விட்டதும் நான், அதனால் உள்சட்டம் மூன்று இடத்தில் போய்விட்டது. அதற்குக் கீழே வெயிலைப் பற்றி எழுதினேன். மூடியில் எத்தனை கோடு, எந்த எழுத்து போன வருடம் படிக்க முடிந்தது, இந்த வருடம் முடியவில்லை, எல்லாம் இடம் குறித்து எழுதினேன். சேத்தூர்க்காரரிடம் காட்டினேன். இதில் தப்பு சொல்ல ஒன்றும் இல்லை என்றார்.

நேற்றுக் காலையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியைப் படித்தார். "இதத்தான் அன்னைக்கே சொல்லிட்டியே" என்று சொல்லி, மடித்து, மேசையில் பேப்பர் வெயிட்டுக்கு அடியில் வைத்துவிட்டார். அடுத்த வரியிலிருந்துதான் வெயிலைப் பற்றி எழுதியிருந்தேன்.